வேலை இல்லாமல் நுழைய முடியாத வீடு

தூத்துக்குடியில் நாங்கள் முதலில் குடியிருந்த வீடு ஒரு காலத்தில் முத்து வியாபாரி ஒருவரின் பங்களாவாக இருந்ததாம். நாங்கள் போனபோது அதை நான்காகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். என் கணவருக்குப் புதுத் துறைமுகத்தில் வேலை. எங்களுக்கு மாடியில் இரண்டு அறை. கீழே ஒரு சரித்திர டீச்சர் தனியாக இருந்தார். பக்கத்துப் பகுதியில் சுங்க இலாகாக்காரரின் மனைவி இருந்தார்.

டீச்சர்தான் அந்த விளையாட்டை உண்டாக்கினவர். பழைய காலத்து வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி ஊருக்கு எழுதிய கடிதங்களை அவர் எங்கேயோ படித்திருக்கிறார். அதில் குதிரைக்குப் பெயர் இருந்ததாம், நாய்க்குப் பெயர் இருந்ததாம், வேலைக்காரிகள் மட்டும் 'என் ஆட்கள்' என்று மொத்தமாக வந்தார்களாம். டீச்சரின் அம்மா ஒரு துரை வீட்டில் ஆயாவாக இருந்தவர். அந்தக் கோபம் டீச்சருக்குள் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதைப் பற்றிக் கட்டுரை எழுதவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்புறம் ஒரு பங்களாவை அறை அறையாக வரைந்தார். நூறு வருஷத்துக்கு முந்தைய பங்களா. மாடியில் பூட்டிய அறை ஒன்று. அதற்குள்ளிருந்து அழுகைச் சத்தம். துரைசானி கொழும்புக்குக் கப்பலேறிவிட்டாள் என்று துரை சொல்கிறான், அவளுடைய செருப்போ இன்னும் வாசலில் கிடக்கிறது. என்ன நடந்தது என்பதை அந்த வீட்டு வேலைக்காரிகள் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலைக்காரிகள் நாங்கள்.

டீச்சர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். நாங்கள் என்ன செய்கிறோம் என்று அவரவர் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு சட்டைப் பொத்தான். அதைத்தான் அறைக்கு அறை நகர்த்துவோம். ஆறு சோழியைக் குலுக்கிப் போட வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ மல்லாந்து விழுந்தால் யார் கண்ணிலும் படவில்லை. குறைந்தால் துரையின் பட்லரிடம் அகப்பட்டோம். விதிகள் மூன்றுதான். வேலை இல்லாமல் எந்த அறைக்குள்ளும் நுழைய முடியாது. தண்ணீர்க் குடமோ விளக்கோ சாம்பல் வாளியோ கையில் இருக்க வேண்டும். கொல்லையில் சாம்பல் குழிக்குப் பக்கத்தில் வேலைக்காரிகள் கூடினால் ஒருவருக்கொருவர் பொய் சொல்லக் கூடாது. மூன்றாவது, யாரும் எஜமானியாக ஆட முடியாது. சுங்கக்காரர் மனைவி ஒரே ஒரு தடவை துரைசானியாக இருக்கிறேனே என்று கெஞ்சிப் பார்த்தார். "அதுக்கு உங்க வீட்டுக்குப் போயி இருந்துக்கிடுங்க, இங்க விறகு பொறுக்குங்க" என்றார் டீச்சர்.

நான் சமையல்காரி. முதல் இரண்டு சனிக்கிழமையும் எனக்குக் கூச்சமாகவே இருந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இது என்ன விளையாட்டு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன். மூன்றாவது சனிக்கிழமை பட்லர் என்னைப் பிடித்தபோது நிஜமாகவே வியர்த்தது. பிறகு ஒரு வாரமும் விடவில்லை.

சித்திரை முடிவில் சுங்கக்காரருக்கு மாற்றலாகி அவர்கள் மதராஸ் போய்விட்டார்கள். ஓர் ஆள் குறைந்தது. எங்கள் வீட்டில் வேலை பார்த்த அக்கா அப்போது என் மகளை மடியில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுச் சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மீனவர் ஊரான தருவைகுளத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, பாத்திரம் துலக்கி, சாயங்காலம் பஸ்ஸில் ஊருக்குப் போவார். டீச்சர் அவரைப் பார்த்து, "ஏளா, நீ வெளுக்கிறவளா இருக்கியா?" என்று கேட்டார். அக்கா நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் டீச்சர் தாளை எடுத்துத் தரையில் விரித்துவிட்டார். அன்று முதல் மூவரும் தரையில்தான்.

அவர் ஆடியதை நான் எப்படிச் சொல்வேன். நாங்கள் படித்தவர்கள். இரண்டு மாதமாகக் கதவில் காதை வைத்துக் கேட்டோம், சாவி தேடினோம், கடிதம் தேடினோம். அக்கா சாவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாடிக்கு எத்தனை தட்டு போகிறது, எத்தனை தட்டு திரும்பி வருகிறது என்று கேட்டார். திரும்பி வரும் தட்டில் புளி கேட்டுச் சாப்பிட்ட அடையாளம் இருக்கிறதா என்றார். கடைசியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "துரைசானியோட மாசத் துணி வெளுப்புக்கு வருதா, டீச்சரம்மா?" என்று கேட்டார்.

டீச்சர் தன் நோட்டை மூடினார். துரைசானி செத்துப் போய், ஆவிதான் அழுகிறது என்று அவர் கதையை முடித்து வைத்திருந்தாராம். "நான் எழுதினது தப்பு. இவ சொல்லுததுதான் சரி" என்றார். உள்ளே இருப்பது கர்ப்பிணி, உயிரோடு இருக்கிறாள் என்று அன்றைக்கே கதை மாறிவிட்டது. தான் உண்டாக்கிய வீட்டில் தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள டீச்சருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவரைப் பெரிதாக மெச்சுவதா, அக்காவை மெச்சுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்குள் வீட்டில் வேறொன்று நடந்திருந்தது. ஆனி மாதத்தில் என் மகளுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. எட்டு மாதக் குழந்தை. கண் மேலே செருகியதை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து தேறி வந்துவிட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமை அவளுடைய மஞ்சள் சட்டையைக் காணவில்லை. நானே தைத்த சட்டை. சாயங்காலம் அக்கா பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது அவருடைய ஓலைப்பெட்டியின் மூடிக்கு வெளியே மஞ்சளாக ஒரு நுனி தெரிந்தது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கூப்பிடவில்லை.

பழைய சட்டை ஒன்று, வேண்டுமென்று கேட்டிருந்தால் பத்துக் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்ததுதான் என்னைக் குடைந்தது. நாங்கள் நாசரேத்துப் பக்கம், புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பம். செய்வினை, கண்ணேறு எதையும் நம்பக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து படித்தவள் நான். ஆனாலும் நோயில் கிடந்த பிள்ளையின் உடம்பில் பட்ட துணியை ஒருத்தி ஒளித்து எடுத்துப் போகிறாள் என்றால் எதற்கு? இந்தக் கேள்வியைக் கணவரிடம்கூடக் கேட்க வெட்கமாக இருந்தது. இரண்டு வாரம் பொறுத்து மாமியாருக்கு மட்டும் எழுதிவிட்டேன். சாத்தான்குளத்திலிருந்து உடனே பதில் வந்தது. காரணம் எதுவாயிருந்தாலும் ஆளை நிறுத்திவிடு, வருகிற செவ்வாய்க்கிழமை நம் ஊரிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பி வைக்கிறேன் என்று எழுதியிருந்தார். அவர் சொல்லை நான் தட்டியதில்லை. அக்காவுக்கோ கடலுக்குப் போக ஆளில்லாத வீடு. எங்கள் வேலைதான் சோறு. அதுவும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை விளையாட்டு முடிந்ததும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு கீழே இறங்கினேன். மகள் டீச்சரின் கட்டிலில் தூங்கினாள். அன்று கதையில் பட்லருக்கு எங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அக்கா வெளுத்த துணி மூட்டைக்குள் மாடி அறைக்குச் சுக்கும் கருப்பட்டியும் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய பொத்தானும் என்னுடையதும் சாம்பல் குழிக்கு வந்து சேர்ந்தன.

நான் செய்தது கோழைத்தனம்தான். நேரே கேட்கத் தைரியம் இல்லை, சாம்பல் குழி விதியைப் பிடித்துக்கொண்டேன். சமையல்காரியாகவே பேசினேன். இந்த வீட்டில் ஒரு குழந்தையின் சட்டை காணாமல் போயிருக்கிறது, எடுத்தது யார் என்று கேட்டேன்.

அக்கா கையிலிருந்த சோழிகளைத் தாளின் மேல் மெதுவாக வைத்தார்.

"இத விளையாட்டுல கேக்கியளா, வீட்டுல கேக்கியளா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். கதை சொல்லும் குரலை அவர் விட்டுவிட்டார் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. விளையாட்டில்தான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அது வாய்வரை வந்தது.

"வீட்டுல" என்றேன்.

அக்கா ஒளிக்கவில்லை. பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அதன் உடுப்பை மாதா கோவிலில் சிலையின் காலடியில் வைத்து வேண்டிக்கொள்வது அவர்கள் ஊர் வழக்கமாம். நாற்பது நாள் அது அங்கேயே இருக்க வேண்டும். பிறகு எடுத்துப் பிள்ளைக்குப் போட்டுவிட வேண்டும். அதுவரை தாயிடம்கூட வாய் திறக்கக் கூடாது. திறந்தால் நேர்ச்சை கலைந்துவிடும். எங்கள் வீட்டில் மாதாவும் இல்லை, சுரூபமும் இல்லை, கேட்டால் கொடுக்கமாட்டோம் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்ததில் தவறு இல்லை. நான் கொடுத்திருக்க மாட்டேன்.

"இன்னையோட இருவத்தோரு நாளு" என்றார். "இனி முதல்லயிருந்து வைக்கணும்."

அந்த நேர்ச்சையில் நம்பிக்கை இல்லாதவள் நான். ஆனாலும் இருபத்தோரு நாளாக என் பிள்ளைக்காக ஒருத்தி வாயைக் கட்டிக்கொண்டிருந்ததை நானே அவிழ்த்துவிட்டேனே என்று இருந்தது. கட்டிலுக்குப் போய் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. திரும்பி வந்து, முதலிலிருந்து வையுங்கள் அக்கா என்றேன். அவர் தலையசைத்தார். அவ்வளவுதான். ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டார்.

அன்றைக்கே மாமியாருக்கு, பெண்ணை அனுப்ப வேண்டாம் என்று கார்டு எழுதித் தபால் பெட்டியில் போட்டேன். போட்ட பிறகுதான், அக்கா திரும்பி வருவார் என்று யார் சொன்னார்கள் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அவர் எப்போதும் வருவதில்லை. அன்று முழுவதும் மாடிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். டீச்சர், வந்தால் உன் அதிர்ஷ்டம், வராவிட்டால் அது அவளுடைய நியாயம் என்றார். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வர வேண்டியவர் பத்து மணிக்கு வந்தார். வெந்நீர் தயாராக இருந்தது. முற்றத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"சந்தேகம் வந்ததச் சொல்லல, அம்மா. பெத்தவளுக்கு வரத்தான் செய்யும்" என்றார். "ஆனா மூணு வாரமா என்னப் பத்தி அப்படி நெனச்சிக்கிட்டே, தெனமும் காலையில பிள்ளையத் தூக்கி எங் கையில தந்தியளே. அது எப்படி முடிஞ்சிது உங்களால?"

இப்போது மகளுக்கு மூன்று வயது. அந்தக் கேள்வியை இப்போதும் எனக்கு நானே கேட்டுப் பார்க்கிறேன். மாமியாருக்குப் பயந்தேன், கணவருக்குப் பயந்தேன், நம்பாத ஒன்றுக்கும் பயந்தேன். பிள்ளையை அவரிடம் கொடுக்க மட்டும் ஒரு நாளும் பயப்படவில்லை. அவர் கை எப்படிப்பட்டது என்று என் மனதுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததோ என்னவோ. இதை அன்று சொல்லியிருக்கலாம்.

அன்று மகளை அவர் கால்மேல் கிடத்தினேன். அவர் புறங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார்.

"சூடு கூடுதலா இருக்கு. பச்சத்தண்ணி ஊத்துங்க."

ஊற்றினேன். போதும் என்று அவர் சொல்லும்வரை செம்பைக் கீழே வைக்கவில்லை.