நைனா காட்டிய கடல்

என் மகளின் வகுப்பில் அவளைத் தவிர எல்லோரும் கடல் பார்த்தவர்கள். தானும் பார்த்துவிட்டு வந்து திங்கட்கிழமை சொல்வதாக அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்காமல்தான். ஞாயிறு விடியலில் இருவரும் புத்தூரில் பஸ் ஏறினோம்.

சென்னை என்றால் கூட்டம்; வரலாறு உள்ள அமைதியான ஊராகப் போவோம் என்று பழவேற்காட்டைத் தேர்ந்தெடுத்தது நான். அங்கே டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைச் சுற்றிக் காட்டி, எனக்குத் தெரிந்த வரலாற்றை எல்லாம் சொன்னேன். அது சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பிறகு கரைக்குக் கூட்டிப் போய், "இதான் கடல். நல்லா பாத்துக்கோ" என்றேன்.

"அலை எங்க நைனா?"

"ஊரே அமைதியான ஊரு. கடலும் அப்படித்தான் கீது."

"நடுவுல ஒரு ஆளு நடந்துகினு போறாரே! முட்டி வரைக்கும்தான் தண்ணி."

"பழகின ஆளு" என்றேன்.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் அப்பாவிடம் எதையாவது கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று சொல்லும் அப்பா அபூர்வம்.

அவள் முகம் வாடிவிட்டது. "அலையே இல்லன்னு சொன்னா கிளாஸே சிரிக்கும்."

பக்கத்தில் இறால் விற்றுக்கொண்டிருந்த பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த ஊரு அண்ணே?"

"திருப்பதி பக்கம்."

"அதான்! மலையவே பாத்துகினு இருந்தா இப்படித்தான். இது ஏரி அண்ணே. கடலு பாலத்துக்கு அந்தாண்ட கீது. பாப்பாவ இட்டுகினு போ. அடுத்த தபா லட்டோட வா."

ஆட்டோ பிடித்துப் பாலத்தைத் தாண்டினோம். இறங்கும் முன்பே இரைச்சல் கேட்டது. மகள் ஓடினாள். ஆபத்து என்று அவளைப் பிடிக்கப் போன நான், முதல் அலையிலேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் கைகொடுத்துத் தூக்கினாள்.

"நீ இன்னும் பழகல நைனா."

திங்கட்கிழமை சாயங்காலம், பையைக்கூட இறக்கவிடாமல் கேட்டேன்.

"அலையப் பத்தி சொன்னியா?"

"சொன்னேன். அத எல்லாரும் பாத்துட்டாங்களாம். கடல் நடுவுல நடந்தாரே, அந்த ஆளப் பத்தித்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாங்க."

"அது ஏரின்னு சொன்னியா?"

"டீச்சரும் அது ஏரியான்னுதான் கேட்டாங்க. எங்க நைனா கடல்னுதான் சொன்னாருன்னு சொல்லிட்டேன்."