சீர்த்தட்டுல வந்த டிவி கேமு

நான் வாயால சொல்றேன், எம் பேத்தி எழுதறா. எனக்கு எழுதவும் தெரியாது படிக்கவும் தெரியாது. ஆனா டிவி கேமு ஆடத் தெரியும். மூணு மிசினு பாத்தாச்சு. மூணுலயும் ரவுடிப்பயலுங்கள அடிச்சுத் தொவச்சிருக்கேன். ஆனா எனக்கு நெசமான வில்லி டிவிக்குள்ள இல்ல. அரியலூர்ல இருந்தா. எம் மருமவளோட அம்மா, எனக்குச் சம்பந்தி.

எங்களுக்குக் குரும்பலூர் பக்கம். சின்ன வெங்காயம், பருத்தி, ரெண்டு ஆடு. அவளுக்கு அரியலூர் டவுனு. அவ ஊர்ல ரயிலு நிக்கும். எங்க பெரம்பலூர்ல ரயிலு கெடையாது. கல்யாணம் பேச வந்தன்னிக்கே, "ரயில எறங்கி பஸ்ஸு மாறி வரதுக்குள்ள இடுப்பு போயிருச்சு"ன்னுதான் ஆரம்பிச்சா. அரியலூர்லேருந்து வரவ ரயில்ல எதுக்குடி ஏறுன? கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பையனப் பெத்தவளா லச்சணமா அடக்கிக்கிட்டேன். கல்யாணப் பந்தியில எங்க வூட்டு ரசத்த ஒரு வாய் வெச்சுட்டுச் சொல்றா: "உங்க ஊர்ல தண்ணிக் கஷ்டம்னாங்களே சம்பந்தி, ரசத்துல மட்டும் தாராளமா இருக்குதே!" பந்தியே சிரிச்சுச்சு. அன்னிக்கு ஆரம்பிச்சது.

அப்புறம் பேத்தி பொறந்தா. சம்பந்திக்கு ஒரே நெனப்பு, புள்ளைய அரியலூருக்குக் கொண்டு போயி டவுன் பள்ளிக்கூடத்துல சேக்கணும். எனக்கும் ஒரே நெனப்பு, புள்ள எங்கிட்டதான் வளரணும். மவன் துபாய்ல. மருமவ ஆபீஸு வேலைக்குக் காலையில பஸ் ஏறுனா பொழுது சாயத்தான் வருவா. புள்ளையும் போயிட்டா அந்த வூட்ல நானும் ரெண்டு ஆடுந்தான். ஆடு பேசாது. எனக்குப் பேசாம இருக்க வராது.

மொத மிசின மவன் லீவுக்கு வந்தப்ப கொண்டாந்தான். மேல கேசட்டச் சொருவணும். படம் வல்லேன்னா கேசட்ட உருவி வாயால ஊதிட்டுத் திருப்பிச் சொருவணும். அடுப்பு ஊதுன வாயி, எனக்கு அது ஒரு வேலையா? டிவியில ஒருத்தன் வந்தான். முதுவுல துண்டு கட்டியிருக்கான், காலுச்சட்டைக்கு மேல ஜட்டி போட்டிருக்கான்.

"ஏன்டி, இவன் அவசரத்துல மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டானா?"

"அப்பத்தா, அவன் சூப்பர் ஹீரோ."

"எந்த ஹீரோவா இருந்தா என்ன, உள்ள போடறத உள்ளதான் போடணும்."

அவன்கூட பச்சச் சட்ட போட்ட கூட்டாளி ஒருத்தன் உண்டு. ரெண்டு பேரும் ஒன்னாத் தெருவுல நடந்து போவானுங்க, வர ரவுடிய எல்லாம் அடிப்பானுங்க. துண்டுக்காரன் பேத்திக்கு. பச்சச் சட்டைக்கு ஆள் வேணும். தெருப்புள்ளைங்க வந்தா ரிமோட்டுக்கு அடிச்சுக்குதுங்க. ஒரு நாளு வெங்காயம் ஆஞ்சுக்கிட்டு இருந்தவள, "அப்பத்தா வா, இதைப் புடி"ன்னா. முந்தானையில கையத் தொடச்சுட்டுப் புடிச்சேன். ஒரு பட்டன் குதிக்க, ஒரு பட்டன் குத்த. அவ்வளவுதான். இதுக்குப் படிப்பு எதுக்கு?

மொட்டத்தலையன் ஒருத்தன் வருவான், இடுப்புல கைய வெச்சுக்கிட்டு. சம்பந்தி நிப்பா பாருங்க, அதே நிப்பு. அவன் வந்தா மட்டும் பேத்திய வுட மாட்டேன். "நீ தள்ளு, இவன் எனக்கு"ன்னு போயி குத்துவேன் பாருங்க, அவன் கீழ வுழுந்தப்புறமும் குத்துவேன். என்னா சந்தோசம்! மாத்திர மருந்து எதுலயும் வராத சொகம்.

இதைக் கேள்விப்பட்டு அவ வந்தா. வந்தவ உக்காரக்கூட இல்ல. "எங்க வூட்ல இருந்தா புள்ள இந்நேரம் இங்கிலீசு பேசும் சம்பந்தி. இங்க டிவிப் பொட்டிய நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

"எம் பேத்தி கேம் ஓவர்னு இங்கிலீசுலதான் சொல்றா சம்பந்தி. நானும் சொல்றேன், கேக்குறீங்களா?"

மூஞ்சி சுருங்கிப் போச்சு. காப்பித்தண்ணி குடிக்காமப் போயிட்டா.

நடுவுல இன்னொரு கூத்து. எங்க பெரம்பலூர் மாவட்டத்துலேருந்து அரியலூரத் தனி மாவட்டமா ஆக்குனாங்க. என்னமோ அவளே கலெக்டரா ஆயிட்ட மாதிரி, "இனிமே உங்க ஊருக்கு நாங்க எதுக்கும் வர வேணாம்"னு சொல்லி அனுப்புனா. கொஞ்ச நாளுதான். திருப்பிப் பெரம்பலூரோடவே சேத்துட்டாங்க. நான் மருமவகிட்ட ஒரு தூக்குச்சட்டி நெறைய சக்கரப் பொங்கல் வெச்சு அவ அம்மாவுக்குக் குடுத்தனுப்புனேன். என்ன விசேசம்னு கேட்டாங்களாம். "அப்பத்தாவத்தான் கேக்கணும்"னு கூடப் போன பேத்தி சொன்னாளாம். சமத்துக்குட்டி.

ரெண்டாவது மிசினுக்குக் கேசட்டு இல்ல, சிடி. மூடியத் தொறந்து தட்டு மாதிரி அதை உள்ள வெக்கணும். முன்ன பக்கவாட்டுலயே நடந்துக்கிட்டு இருந்த ஹீரோ, இதுல எந்தப் பக்கம் வேணாலும் திரும்பறான். அவன் முதுவக்கூட நாம பாக்கலாம். மூஞ்சி மட்டும் தச்சன் அரைவேலையில வுட்டுட்டுப் போன மாதிரி மொழுக்கட்டையா இருந்துச்சு. ஒரு மாத்தம் மட்டும் எனக்குப் புடிக்கல. அதுல நாங்க ரெண்டு பேரும் ஒன்னாச் சேந்து யாரையும் அடிக்க முடியாது. ஒருத்திய ஒருத்திதான் அடிச்சுக்கணும். சரின்னு அடிச்சுக்கிட்டோம். சின்னப்புள்ளைன்னு நான் வுட்டுக்குடுக்கறது கெடையாது. அவளும் கெழவின்னு பாக்க மாட்டா.

அந்த வருசம் ஆயுத பூசைக்குச் சம்பந்தி வந்திருந்தா. மம்பட்டி, அருவா, மிக்சி, கிரைண்டரு, டிவி எல்லாத்தையும் தொடச்சு சந்தனம் குங்குமம் வெச்சோம். நான் பொரி வாங்கக் கடைக்குப் போயிட்டு வரதுக்குள்ள அந்த மவராசி கேமு மிசின் மூடியத் தொறந்திருக்கா. உள்ள சின்னதா ஒரு கண்ணாடி இருக்கும், சிடிய அதுதான் படிக்குமாம். அது மேல நட்டநடுவுல சந்தனத்த அப்பி, அதுக்கு மேல குங்குமம். மறுநாளு போட்டா மிசினு கிர்ரு கிர்ருங்குது, ஹீரோ வரல.

"உள்ள எதுக்குக் கைய வுட்டீங்க சம்பந்தி?"

"கண்ணு மாதிரி இருந்துச்சு. சாமிக்குக் கண்ணுக்கு மேலதானே பொட்டு வெப்போம்?"

"நீங்க கண்ணுக்கு மேல வெக்கல, கண்ணுக்குள்ளயே வெச்சிருக்கீங்க!"

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரிப்பேருக்குக் கொண்டு போனோம். அந்தத் தம்பி தொறந்து பாத்துட்டு, மோந்தும் பாத்துட்டு, "ஜவ்வாதும் கலந்திருக்குங்களா பாட்டி?"ன்னான். கலந்திருந்துச்சு. மிசினு பொழைக்கல. புள்ள சோறு திங்காம அழுதா. அதைப் பாத்துட்டு அரியலூர்க்காரி என்னா சொல்லணும்? தப்பாப் போச்சுன்னு சொல்லணும். அவ சொல்றா, "அழுவாத கண்ணு, இதைவிடப் பெருசா ஒன்னு ஒம் மாமன் வாங்கியாருவான். அம்மாயி வூட்ல வந்து ஆடு." எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. மிசினைக் கொன்னதும் அவ, அதை வெச்சே புள்ளைய இழுக்கறதும் அவ.

பேத்தி பெரியமனுசி ஆனப்ப மாமன் சீரு வந்துச்சு. மேளத்தோட வருது, தட்டுத் தட்டா. பட்டுப்பாவாட, வளையலு, பூ, பழம். எல்லாத்துக்கும் முன்னால சம்பந்தி. அவ கையில பித்தளத் தாம்பாளம், அதுல கருப்பு மிசினு. சம்மங்கி மாலை வேற போட்டிருந்தா அதுக்கு. ஊரே வாயப் பொளந்துச்சு. அவ அந்தத் தட்டச் சபையில வெச்சுட்டுச் சத்தமாச் சொன்னா: "இது அரியலூர்ல எங்க பெரிய டிவியில மாட்டறதுக்கு. புள்ள பத்தாவது முடிச்சுட்டு அங்கதானே படிக்க வருது."

"சீர்த்தட்டுல வந்தது எம் வூட்டு வாசப்படி தாண்டாது சம்பந்தி. புள்ளையுந்தான்."

"உங்க ஊரு கரண்டு குண்டு பல்பையே தூங்க வெக்குது. இதுல மாட்டுனா பொகஞ்சிரும்."

"நீங்க சந்தனம் பூசாம இருந்தா ஒன்னும் பொகையாது."

மேளக்காரரு வாசிக்கறத நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. சொந்தக்காரங்க நடுவுல பூந்து, சரி, இங்கயே ஒரு தடவ போட்டுக் காட்டுங்கன்னாங்க. போட்டாங்க. அடேங்கப்பா, இந்தத் தடவ ஹீரோவுக்கு மூஞ்சி மூஞ்சியாவே இருக்கு. ஊரு முழுக்கச் சுத்தறான், மாடிக்கு மாடி தாவறான், பறக்கறான். கீழ காரு, பஸ்ஸு, சனம். நான் முந்தானைய இழுத்துச் சொருவிக்கிட்டுப் பேத்தி பக்கத்துல உக்காந்து, "எம் ரிமோட்டு எங்கடி?"ன்னேன்.

"இதுல ஒருத்தர்தான் அப்பத்தா. கூட்டாளி கெடையாது."

சொருவுன முந்தானைய உருவிக்கிட்டு எந்திரிச்சேன். பின்னாடியிலேருந்து அந்தக் கொரலு: "அதனால என்ன சம்பந்தி, நீங்க வெங்காயம் ஆயுங்க."

கரண்டு பேச்ச மருமவளும் நம்பிட்டா. மிசினு அரியலூருக்குப் போயிருச்சு. பின்னாடியே சனிக்கெழமையானா புள்ளையும் பஸ் ஏறிருவா. நான் ஒரு வெள்ளிக்கெழம சிறுவாச்சூர் காளிகிட்டப் போயி முறையிடலாம்னு போனேன். அந்தக் கோயிலு திங்களும் வெள்ளியுந்தான் தொறப்பாங்க, கூட்டம் நெரியும். வரிசையில எனக்கு முன்னாடி மாவெளக்குத் தட்டோட யாரு நிக்கிறான்னு பாத்தா, அவதான். புள்ள அரியலூருக்கே வந்துரணும்னு வேண்டிக்கிட்டாளாம். நான் போயி அதுக்கு எதிரா வேண்டுனேன். ஆத்தா என்ன பண்ணுவா பாவம்.

பத்தாவது பரிச்ச முடிஞ்சுச்சு. புள்ள லீவுக்கு அரியலூருக்குப் போனவ திரும்பல. இனிமே வுட்டா போச்சுன்னு நானே பஸ் ஏறிட்டேன். உள்ள போனா, பேத்தி டிவிய ஒட்டி உக்காந்து ஆடிக்கிட்டு இருக்கா. பின்னாடி சம்பந்தி ஒரு தட்டு முறுக்க மடியில வெச்சுக்கிட்டுச் செவுத்தோரமா உக்காந்திருக்கா. "கண்ணு, ஒன்னு சாப்புடேன்"ங்கறா. அவ திரும்பல. "கண்ணு, அம்மாயி தல வாரி வுடட்டுமா?" அவ காதுலயே வாங்கல. முறுக்கு நமுத்துப் போயி எவ்வளவு நேரமாச்சோ. பாத்த ஒடனே எனக்கு வயித்துல பால வாத்த மாதிரி ஆயிருச்சு. அவளுக்கும் ரிமோட்டு இல்ல!

"என்ன சம்பந்தி, இங்க வெங்காயம் கெடைக்கலியா ஆயறதுக்கு?"

புடிச்சுக்கிட்டா. ரசத்துலேருந்து ஆரம்பிச்சா. நான் சந்தனத்த எடுத்தேன். அவ என் ரெண்டு ஆட்ட இழுத்தா, நான் அவ ரயில இழுத்தேன். எதுத்த வூட்டுச் சனம் சன்னலத் தொறந்துருச்சு. அப்பத்தான் பேத்தி பட்டன அமுக்குனா. பறந்துக்கிட்டு இருந்தவன் நடு வானத்துல அப்புடியே நின்னுட்டான். அவ எங்க பக்கம் திரும்பி உக்காந்தா. சம்பந்தி மடியிலேருந்த முறுக்க எடுத்துக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா:

"ரெண்டு வூடும் எனக்கு வேணாம். நான் ஹாஸ்டல்ல சேரப் போறேன். அப்பாகிட்டப் போன்ல பேசிட்டேன். நீங்க ரெண்டு பேரும் சண்டைய முடிச்சுட்டுச் சொல்லுங்க, நான் ஆடணும்."

சம்பந்தி என்னப் பாத்து, "எல்லாம் உங்க வளப்பு"ன்னா. "எல்லாம் உங்க மிசினு"ன்னேன் நான். ரெண்டு பேருக்கும் அழுவ வந்துச்சு, அடுத்தவ பாத்துருவாளேன்னு யாரும் அழுவல.

சேந்துட்டா. ஹாஸ்டல்ல டிவி கேமுக்கு எடமில்லையாம். அப்ப லீவுக்கு எங்க வருவா? மிசினு எங்க இருக்கோ அங்க வருவா. அது சம்பந்திக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மவன்கிட்டச் சொல்லி எங்க வூட்டுக்கு ஸ்டெபிலைசர் மாட்ட வெச்சேன். சொந்தபந்தத்தக் கூட்டிக்கிட்டுப் போயி, சபையில வெச்ச சீரப் பொண்ணப் பெத்தவங்களே எடுத்து வெச்சுக்கற வழக்கம் எந்த ஊர்லடி இருக்குன்னு கேட்டேன். டவுன் வழக்கம்னு ஒன்னு சொல்லிப் பாத்தா. எடுபடல. தூக்கியாந்துட்டேன்.

அடுத்த வாரமே வந்து நிக்கிறா. மிசினு தூசி படாம இருக்கான்னு பாக்க வந்தாளாம். அதுக்கடுத்த வாரம் கரண்டு எப்புடி வருதுன்னு பாக்க. அப்புறம் மறுபடியும் அரியலூரத் தனி மாவட்டமாப் பிரிச்சாங்க. ஒரு கிலோ மைசூர்பாகு தூக்கிக்கிட்டு, "வெளியூர்லேருந்து வந்திருக்கோம்"னு சொல்லிக்கிட்டே உள்ள வந்தா. தின்னேன். நெய்யி காணல, அதையும் மூஞ்சிக்கு நேராச் சொன்னேன்.

கேக்காம கொள்ளாம பாயில உக்காந்துக்குவா. ரிமோட்டு எங்கிட்ட. ஆளு ஒருத்தன், அவன் உசுரு போற வரைக்கும் நான் ஆடுவேன், போனா அவ முறை. நான் மாடியிலேருந்து மாடிக்குத் தாவுனா, "அய்ய, இப்புடியா தாவுவாங்க"ங்கறா. நான் ரவுடிக்குப் பயந்து செவுத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா அவளுக்குப் பொறுக்க மாட்டேங்குது. தொடையில தட்டிக்கிட்டு, "எவ்வளவு நேரந்தான் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இருப்பீங்க? எனக்குக் கடைசி பஸ்ஸு போயிரும். சீக்கிரம் சாவுங்க சம்பந்தி!"ங்கறா.

நான் சாவறதா இல்ல. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி ஒளிஞ்சுக்கிட்டேன்.