ராணி அக்காவின் சாட்சி

விஜயராணி என்று யாரும் அவரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பனியன் கம்பெனியிலும் லைன் வீட்டிலும் சபையிலும் அவர் ராணி அக்காதான். சாத்தான்குளம் பக்கம் ஊர். கல்யாணமான கையோடு கணவர் சகாயராஜுடன் திருப்பூருக்கு வந்துவிட்டார். சகாயராஜ் அண்ணனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அக்கா ஓவர்லாக் மிஷின் ஓட்டினார். அவருக்குப் பக்கத்து மிஷின் என்னுடையது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருஷங்களில் எங்கள் சபை என்பது ஒரு தகரக் கொட்டகைதான். முன்பு நூல் குடோனாக இருந்த இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, ஈரம் காயாத கூந்தலோடு போய் உட்காருவோம். கம்பெனியில் மிஞ்சிய வேஸ்ட் துணிகளை ஒட்டுப்போட்டு ராணி அக்கா தைத்த விரிப்புதான் எங்களுக்குப் பாய். தனியாகப் போதகர் என்று யாரும் கிடையாது. சகாயராஜ் அண்ணனே வேதம் வாசிப்பார், பாட்டெடுத்துக் கொடுப்பார். கஞ்சிராவைத் தட்டும் அவர் விரல்கள் ஒரு வாரம் நீலமாக இருக்கும், ஒரு வாரம் சிவப்பாக இருக்கும். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பிரசவம், ஊரில் மழை உண்டா என்பவைதான் எங்கள் ஜெபக் குறிப்புகள். அறுப்பின் பண்டிகைக்கு ஊர் வழக்கப்படி அசனம் என்ற பொதுச் சாப்பாடு வைப்போம். சாம்பாரும் அவியலுமாக எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். லைன் வீடுகளின் சொந்தக்காரர் செல்லாத்தாள் அம்மா எங்கள் மதம் இல்லை. ஆனாலும் குடம் நிறையத் தயிர் கொடுத்தனுப்புவார். இப்போது நினைத்தாலும் அந்தப் புளிப்பு நாக்கில் வருகிறது.

பிறகு நல்ல காலம் வந்தது. ஏற்றுமதிக் கட்டுப்பாடு நீங்கி ஆர்டர் குவிந்தது. தையல்காரர்களாக இருந்தவர்கள் சொந்தமாக நாலு மிஷின் போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் புது பாஸ்டர் வந்தார். நல்ல குரல், சிரித்த முகம். யார் பெயரையும் மறக்கமாட்டார். விசுவாசம் உள்ளவன் வாடகை வீட்டில் இருக்கமாட்டான் என்று பிரசங்கித்தார். காணிக்கை என்பது விதை, அதை விதைத்தால் கம்பெனி முளைக்கும் என்றார். கேட்க இதமாகத்தான் இருந்தது. ஷிப்ட் முடிந்து கால் கடுத்து வரும் எங்களிடம் நீங்கள் ராஜாவின் பிள்ளைகள் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

கொட்டகை மண்டபமாயிற்று. விரிப்புக்குப் பதில் நாற்காலிகள் வந்தன. ஏழைகளைப் போலப் பந்தியில் உட்காருவது ஆசீர்வாதம் பெற்றவர்களுக்கு அழகில்லை என்று அசனம் நின்றது. பாட்டுக்குக் கீபோர்டு வந்தது. வாராவாரம் சாட்சி சொல்ல, அதாவது ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னும் சொல்ல, ஒரு நேரம் ஒதுக்கினார்கள். வண்டி வாங்கியவர்களும் மிஷின் போட்டவர்களும் மேடையேறிச் சொல்வார்கள், நாங்கள் கை தட்டுவோம்.

அந்த நாட்களில்தான் சகாயராஜ் அண்ணனுக்குக் கால் வீங்கியது. இரண்டு கிட்னியும் பழுது என்று கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாஸ்டர் மேடையில் அவர் தலையில் கை வைத்து ஜெபித்து, இவர் குணமாகிவிட்டார் என்று அறிவித்தார். குணமானவருக்கு இனி மருந்து எதற்கு என்று கேட்டார். அண்ணன் சட்டைப்பையிலிருந்த மாத்திரைகளை எடுத்து மேடையில் வைத்தார். சபை ஆர்ப்பரித்தது.

ராணி அக்கா எழுந்தார். யாரையும் பார்க்காமல் மேடைக்கு நடந்துபோய், மாத்திரைகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

வீடு திரும்பும் வழியில் அண்ணன் அவரிடம் கேட்டார்: "ஏட்டி, ஒனக்கு விசுவாசம் இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் மாத்திரையும் தாரேன், ஜெபமும் பண்ணுதேன்" என்றார் அக்கா.

விஷயம் கேள்விப்பட்ட செல்லாத்தாள் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "ஏனுங் அம்மணி, மாத்தரை தின்னா உங்க சாமி கோவிச்சுக்குமாக்கும்? அதெல்லாம் ஒண்ணும் கோவிக்காது. நீ குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பிரசங்கத்தில் அக்காவின் பெயர் வரவில்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒருவருடைய அவிசுவாசம் மற்றவருடைய சுகத்தைத் தடுக்கும் என்று பாஸ்டர் சொன்னபோது எல்லாத் தலைகளும் அக்கா பக்கம் திரும்பின. அவர் குனிந்த தலை நிமிரவில்லை. அண்ணன்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு மாத்திரை வேண்டாமென்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. கடைசி மாதங்களில் கஞ்சிராவை மடியில் வைத்துக்கொண்டு பழைய பாட்டுகளை மெல்லப் பாடிக்கொண்டிருப்பார். மழைக்காலம் தொடங்கும்போது போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து அக்கா சபைக்கு வந்தார். சாட்சி நேரத்தில் எழுந்து மேடைக்குப் போனார். பாஸ்டர் கொஞ்சம் தயங்கி, பிறகு மைக்கைக் கொடுத்தார்.

"அவிய சொகமாகல. செத்துப் போயிட்டாவ" என்றார் அக்கா. "எனக்கு விசுவாசம் இல்லாததுனாலதான் அப்படீன்னு சொல்லுதாவ. சிலுவையில தொங்குன ஆண்டவருக்கும் அன்னைக்கு ஒண்ணும் கெடைக்கல. உடுத்துன துணியையும் உருவிக்கிட்டாவ. அவருக்கு விசுவாசம் இல்லாமலா போச்சு? அவிய மூச்சு நிக்கையில ஆண்டவர் எங்க ரெண்டு பேரு கூடயும் இருந்தாரு. எனக்கு அது தெரியும். இதுதான் என் சாட்சி."

யாரும் கை தட்டவில்லை. பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டார். பிறகு ஜெபிப்போம் என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடினார். அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. தான் சொன்னதை அவரே நம்பினார். எங்களுக்கு அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

வெளியே வாசலருகே ஒருத்தி அக்காவுக்காகக் காத்திருந்தாள். நடக்க முடியாத மகளை இடுப்பில் சுமந்தே சபைக்கு வருபவள். எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். பிள்ளை நடந்தால்தான் தனக்குச் சாட்சி சொல்ல வாய் உண்டு என்று இத்தனை நாள் இருந்தவள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஊட்டுக்கு வரலாமுங்களாக்கா?" என்று கேட்டாள்.

அன்று மத்தியானமே வந்தாள். அடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு பேர். இரண்டாயிரத்து எட்டில் ஆர்டர் சுருங்கி, கரண்ட் பாதி நாள் இல்லாமல், மேடையில் சாட்சி சொன்ன பலர் மிஷின்களை விற்க வேண்டி வந்தது. ஆசீர்வாதம் போய்விட்டதா, விசுவாசம் போய்விட்டதா என்று தெரியாமல் வெளியே முகம் காட்ட வெட்கப்பட்ட அவர்களும் ஒவ்வொருவராக அக்காவின் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தார்கள். யாரிடமும் அக்கா காரணம் கேட்டதில்லை. பாஸ்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். போகுமுன் விடைபெற வந்தவரை உட்காரவைத்து, கருவாட்டுக் குழம்போடு சோறு போட்டு அனுப்பினார் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. மின்விசிறி ஓடாது. வியர்வையும் நெருக்கமுமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்போம். இன்னது வேண்டும் என்று யாரும் பட்டியல் போட்டுக் கேட்கமாட்டோம். நடக்க முடியாத அந்தச் சின்னப் பெண் ராணி அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் விழித்துவிடக் கூடாது என்று எல்லாரும் தணிந்த குரலில் பாடுவோம்.