சைக்கிள் ஏஜென்சிக்குப் போட்ட கையெழுத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவின் கிள்ளானில் எனக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. விற்பனையை விட ரிப்பேர்தான் அதிகம். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகள், பால்காரர்கள், தபால்காரர்கள் எல்லாரும் எந்தக் கம்பெனி வண்டியானாலும் என்னிடம் கொண்டுவருவார்கள்.

கோலாலம்பூரில் ஓர் இங்கிலீஷ் கம்பெனி தன் சைக்கிளுக்குக் கிள்ளானில் ஏஜென்ட் தேடுவதாகக் கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். வரச் சொன்னார்கள். கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை, அச்சடித்த ஒப்பந்தம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. கம்பெனியின் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், ஒவ்வொரு ஷரத்தாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது ஷரத்தில் நான் நிறுத்தினேன். வேறு கம்பெனி வண்டியை விற்கவும் கூடாது, ரிப்பேர் பார்க்கவும் கூடாதாம்.

"விக்காம இருந்துக்கிறேன், ஐயா. ரிப்பேரும் பார்க்கலேன்னா நான் எப்படிப் பொழைக்கிறது? தொரைகிட்ட சொல்லுங்க."

சொன்னார். துரை காகிதத்தை விரலால் தட்டினார்.

"இது அச்சடிச்ச பத்திரமாம். மலாயா முழுக்க இதுதானாம். மாத்தேலாது எண்டு சொல்லுறார்."

அடுத்த வாரம் மறுபடி ரயிலேறிப் போனேன். துரை வெளியூர் போயிருந்தார். மூன்றாம் முறை பாதி நாள் பெஞ்சில் காத்திருந்து உள்ளே போனால், அதே பதில். அச்சடித்தது, மாற்ற முடியாது. கல்லில் வெட்டியதா என்று கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன்.

விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கிராணியின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் கோப்பி கொடுத்துவிட்டு யோசித்தார்.

"வேற வண்டியள் கடைக்கு முன்னுக்கு நிண்டாத்தான் துரைக்குப் பிடிக்காது. பின்னுக்கு வைச்சுத் திருத்துறன் எண்டு கேட்டுப் பாருங்கோ."

கேட்டேன். துரை பேனாவை எடுத்து ஒப்பந்தத்தின் ஓரத்தில் அப்படியே இரண்டு வரி எழுதினார். வென்றுவிட்ட சந்தோஷத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து, அதே தெருவில் நாலு கடை தள்ளி, ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் இரும்புக் கடை வாசலில் அதே கம்பெனி சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அவரும் ஏஜென்டாம். அன்றைக்கே கோலாலம்பூருக்கு ஓடினேன்.

கிராணி என் ஒப்பந்தத்தைப் பிரித்தார். "கிள்ளானுக்கு ஒரு ஏஜென்ட் எண்டுதான் ரெண்டாவதிலை இருக்கு, தம்பி. ஒரே ஏஜென்ட் எண்டு இல்லை."

"இதை ஏன் அப்பவே சொல்லலை?"

"ரெண்டாவதையும் சொன்னனான். தலையாட்டினியள். ஏழாவதிலைதானே சண்டை பிடிச்சியள்? நான் கம்பெனிச் சம்பளக்காரன். நீங்கள் கேட்டதைத்தான் துரையிட்டைச் சொல்லலாம்."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. தலையாட்டியது நான்தான். 'ஒரே' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். துரை மறுபடி காகிதத்தைத் தட்டினார். ஓரத்தில் எழுத முடிந்த அதே பேனா இந்தத் தடவை மேஜையை விட்டு நகரவில்லை.

ஏஜென்சியே வேண்டாம் என்றேன். அதற்கும் ஒரு ஷரத்து இருந்தது. மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மூன்று மாதமும் விற்காத வண்டிகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். தவுக்கே என்னை விடக் குறைத்து விற்றார்.

கடைசியில் மிச்ச வண்டிகளை ஒரு லோரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கம்பெனியிடம் ஒப்படைத்தேன். துரை வெளியே வரவே இல்லை. திரும்பும் வழியில் லோரிக்காரர், "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டார். வாயைத் திறந்தால் கிள்ளான் வரும்வரை வசவுதான் வரும் என்று தெரிந்தது. ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.