வாராவாரம் பூஜ்யம்

புனேயில் தமிழர்கள் எட்டுப் பேர் சேர்ந்தால் பொங்கல் விழா நடத்துவார்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குழு தொடங்கிச் சண்டை போடுவார்கள். நாங்கள் எட்டுப் பேர் கொஞ்சம் மாறுதலாக, வசதியில்லாத பிள்ளைகளைக் கணிதப் பட்டம் படிக்க வைப்பது என்று கிளம்பினோம். ஏன் கணிதம் என்றால், எட்டுப் பேருமே பள்ளியில் கணக்கில் நல்ல மார்க் வாங்கி, அந்தக் குற்றத்துக்காகவே கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிவிடப்பட்டவர்கள்.

எண்ணம் தங்கமானது. ஆனால் எட்டுப் பேரும் மகர்பட்டாவில் வேலை பார்க்கிற ஐ.டி. ஆட்கள். ஒரு காரியம் நடக்கிறது என்று நாங்கள் நம்ப வேண்டுமானால் அதற்கு எக்செல் தாள் வேண்டும், வாராந்திரக் கூட்டம் வேண்டும், வேலை முடிந்தால் பச்சை, இழுத்தால் மஞ்சள், நின்றால் சிவப்பு என்று நிறம் வேண்டும். அதனால் விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் நாங்கள் உதவிய நான்கு பிள்ளைகளும் ஞாயிறுதோறும் ‘இந்த வாரம் முடித்த கணக்குகள்’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று விதித்தோம். தொடர்ந்து மூன்று வாரம் சிவப்பு விழுந்தால் உதவியை நிறுத்துவது பற்றிக் கூடிப் பேசுவோம். இந்த விதியை எழுதியவள் நான்தான். எழுதிய அன்று பெருமை தாங்கவில்லை.

மூன்று பிள்ளைகள் வாரம் நாற்பது, ஐம்பது என்று போட்டுப் பச்சைப்பசேலென்று இருந்தார்கள். நான்காவது ஒரு பெண். எம்.எஸ்ஸி. முதல் வருஷம். அப்பா சேலம் பக்கத்திலிருந்து வந்து, புனேயின் தொழிற்பேட்டையான போசரியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். அவள் முதல் வாரம் பூஜ்யம் என்று எழுதினாள். இரண்டாம் வாரமும் பூஜ்யம். மூன்றாம் வாரமும் அதே பூஜ்யம், கொஞ்சம் அழகாக.

எனக்குப் பகீரென்றது. உதவி நின்றால் அவள் படிப்பும் நின்றுவிடும். பி.எஸ்ஸி. போதும் என்பது அவள் அப்பாவின் கட்சி. அதே பட்டறையில் உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் வேலைக்கு முதலாளியிடம் பேசியும் வைத்திருந்தார். என் விதியால் அந்தப் பெண் போசரிக்குத் திரும்பப் போகிறாள் என்ற நினைப்பே சோறு இறங்கவிடவில்லை.

விடுதி கேன்டீனுக்குப் போய் அவளைப் பிடித்தேன். பேராசிரியர் கொடுத்த ஒரே ஒரு கணக்கில் மூன்று வாரமாக நிற்கிறாளாம். இரண்டு நோட்டு நிறைய எழுதி, எழுதியதையெல்லாம் அடித்திருந்தாள். அலுவலகத்தில் பதினாறு வருஷமாக நான் செய்து வருவதை அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

“இதையே பத்தா உடைச்சு எழுது கண்ணு. கேள்வியைப் படிச்சாச்சு, ஒண்ணு. படம் போட்டாச்சு, ரெண்டு. தானா பச்சை ஆயிரும்.”

அவள் இந்திக்கு நடுவே தமிழைத் தேடிப் பிடித்துப் பேசுகிற பெண். “ஆன்ட்டி, அது முடிச்சதா ஆகாதுல்ல? மத்லப்... முடியலன்னா முடியலதானே?”

என் அப்பாவுக்கு முன்னால்கூட நான் இப்படி வெட்கப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் கூட்டம். அவளையும் வரச் சொல்லியிருந்தோம். எங்கள் தலைவர் நூறு பேரை மேய்க்கிற பெரிய அதிகாரி. மூன்று வாரம் பூஜ்யம் போட்டால் ஆபீஸில் சும்மா விடுவோமா மேடம் என்று என்னைக் கேட்டார்.

“ஆபீஸ்ல நாம யாருமே பூஜ்யம்னு எழுதினதில்லைங்க,” என்றேன். “ஒண்ணும் நடக்காத வாரத்துலயும்.”

எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். தலைவர் தொண்டையைக் கனைத்து, அப்படி என்ன கணக்கு, போர்டில் எழுது பார்க்கலாம் என்றார். அவள் எழுதினாள். இன்ன அளவு தரையில், இன்ன வடிவ ஓடுகளை, இடைவெளியே விடாமல் பதிக்க முடியுமா? முடியாது என்றால் ஏன்?

ஓடு என்றதும் எல்லாருக்கும் உயிர் வந்துவிட்டது. எட்டுப் பேரும் சொந்தமாக ஃபிளாட் வாங்கி, டைல்ஸ்காரரோடு சண்டை போட்டவர்கள். தலைவர் தன் குளியலறையை ஆதாரமாகக் காட்டி, முடியும் என்று அடித்துச் சொன்னார். கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கிய பொருளாளர், முடியாது என்று மூன்று முறை நிரூபித்து மூன்று முறையும் தானே அழித்தார். வடாபாவ் வந்தது, ஆறியது. இரண்டு மணி நேரம் கழித்து, கை, சட்டையெல்லாம் மை அப்பிக்கொண்டு, கிளம்பிய இடத்திலேயே நின்றோம்.

 அவள் போர்டை மெதுவாகப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, “இது என்னோட முதல் வாரம், ஆன்ட்டி,” என்றாள்.

தலைவர் காதிலும் விழுந்துவிட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சிரிக்க ஆரம்பித்தார். மனுஷர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பட்டம் வாங்கும் வரை அவளுக்கு உதவி உண்டு என்றும், அவள் அப்பாவிடம் தானே போய்ப் பேசுவதாகவும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, டீயை ஊதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பிறகு அவர் லேப்டாப்பைத் திறந்து, அந்தக் கட்டத்தையே தூக்கிவிடலாம் என்றார். ஏழு பேரும் உடனே தலையாட்டினோம்.

“வேண்டாம் அங்கிள், இருக்கட்டும்,” என்றாள் அந்தப் பெண். “முடிக்கிற அன்னைக்கு அதுல ஒண்ணுன்னு எழுதணும்.”