இரண்டு துண்டு கோவில் இட்லி

சின்ன காஞ்சிபுரத்தில் ஆராவமுதனைக் கூட்டுறவுச் சங்க எழுத்தர் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. அது பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை பார்க்கும் உத்தியோகம், அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாகப் பெருமாளின் பல்லக்கைத் தோளில் தூக்குகிறவர் என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும். தண்டு பதிந்து பதிந்து, இடது தோளில் அரை எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு. சட்டை தைக்கும் டெய்லர் கேட்காமலே அந்தப் பக்கம் ஒரு விரற்கடை துணி கூட விடுவார்.

2009 மாசியில் ஒரு புறப்பாடு முடிந்து, பல்லக்கை இறக்கி வைத்த கையோடு மயங்கி விழுந்தார். கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "பெருமாளை எறக்கிட்டுத்தானே விழுந்தேன்?"

"அதுலெல்லாம் ஒரு கொறைச்சலும் இல்லே" என்றாள் மனைவி வரலக்ஷ்மி.

சென்னை டாக்டர் ஸுஷ்மா, துடிப்பு நடுநடுவே தப்புகிறது என்றார். காரணம் இரண்டில் ஒன்று. இதயத் தசை பழுதாகித் தழும்பாகியிருந்தால், இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் துடிப்பைக் காக்கும் சின்னப் பெட்டி ஒன்று வைக்க வேண்டும்; அப்புறம் அந்தத் தோளில் தண்டு ஏறக் கூடாது. தசையில் இப்போது அழற்சி என்றால் மாத்திரையில் அடக்கிப் பார்க்கலாம்.

"எதுன்னு எப்படித் தெரியும்?"

"பெட்-சி.டி.ன்னு ரெண்டு ஸ்கேனைச் சேர்த்து எடுக்கிறது இருக்கு சார். சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசியில ஏத்துவோம். அழற்சி இருக்கிற இடம் அதை இழுத்து வெச்சுக்கும். பெட் அதை வெளிச்சமாக் காட்டும், சி.டி. அது எந்த இடம்னு காட்டும். ஆனா நல்ல தசையும் சர்க்கரை தின்னும். அதனால முதல் நாள் அதைப் பட்டினி போடணும். சோறு, இட்லி, பால், பழம் எதுவும் கூடாது. வெண்ணெய், நெய், பனீர் மட்டும். மத்தியானத்துக்கு மேல வெறும் தண்ணி."

பெருமாள் தின்ற வெண்ணெயைத் தின்ன டாக்டரே எழுதிக் கொடுக்கிறாரே என்று ஆராவமுதனுக்கு ஒரே குஷி. முதல் நாள் கைப்பிடி கைப்பிடியாகத் தின்றார். சாயங்காலம் அடுத்தாத்து லோகாம்பாள் மாமி தொன்னையோடு வந்தாள்.

"ஸ்கேன் நல்லபடியா ஆகணும்னு உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணிண்டு வந்தேன்."

மிளகும் சுக்கும் மணக்கும் கோவில் இட்லி, இரண்டு துண்டு. கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். பக்கத்திலேயே நின்ற வரலக்ஷ்மிக்கும் தடுக்கத் தோன்றவில்லை. சாப்பாடு சாப்பாடு, பிரசாதம் பிரசாதம். அந்தத் தெருவில் இரண்டையும் ஒன்றாக நினைத்தவர் கிடையாது.

மறுநாள் ஸ்கேனில் இதயம் முழுக்கக் கற்பூர ஆரத்தி மாதிரி ஜொலித்தது. எது அழற்சி, எது நல்ல தசை என்று பிரிக்க முடியவில்லை.

"நேத்து சாயங்காலம் ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?"

"மூச்! பச்சத் தண்ணிதான். பிரசாதம் மட்டும்."

"என்ன பிரசாதம்?"

"இட்லி."

"அரிசி போட்ட இட்லியா?"

"வேற எதுல பண்ணுவா?"

டாக்டர் ஸுஷ்மா கோபப்படப் பார்த்தார், சிரிப்புதான் வந்தது. அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார்.

முதல் ஸ்கேன் சரியாக வரவில்லை என்று தெருவெல்லாம் தெரிந்ததில் அர்ச்சனைகள் பெருகின. இந்த முறை முதல் நாள் காலையிலேயே வரலக்ஷ்மி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பிரசாதத்தைத் திருப்பி அனுப்பவும் முடியாது, எடுத்து வைக்கவும் மனசு வராது. புளியோதரை வந்தது, தின்றாள். சர்க்கரைப் பொங்கல் வந்தது, தின்றாள். நாலாவது தொன்னையில் அக்காரவடிசில்.

"நெய் வாசனை உள்ள வரைக்கும் வரதுடீ!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"பேசாம வெண்ணெயத் தின்னுங்கோ. உங்க பேருக்குத் தின்னு தின்னு எனக்குத்தான் மூச்சு முட்டறது!"

இரண்டாவது படத்தில் இதயம் இருண்டு கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் பளிச்சென்று இரண்டு திட்டு. நெஞ்சுக்குள் சில நெறிக்கட்டிகளும் மின்னின. ஒரு கட்டியில் துணுக்கு எடுத்துச் சோதித்து, டி.பி. இல்லை, சார்காய்டோசிஸ் என்ற அழற்சிதான் என்று உறுதி செய்தார்கள்.

"அப்ப பெட்டி?"

"இப்ப வேண்டாம். மாத்திரை கேக்குதான்னு பாப்போம். அதுவரைக்கும் தோள்ல ஒண்ணும் ஏத்தக் கூடாது."

"அழற்சிதான்! அழற்சிதான்!" என்று பேத்தி பிறந்த சேதி மாதிரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார் ஆராவமுதன். என்ன ஏது என்று புரியாமலே எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

மாத்திரையில் முகம் அதிரசமாக உப்பியது; பசியோ பகாசுரப் பசி. வைகாசி உற்சவத்தில் முதல் தடவையாகக் கூட்டத்தில் நின்று பெருமாளை எதிரே பார்த்தார். பார்த்தவர் சும்மா இருந்தாரா?

"வரதராஜா, தோள் எறங்கறது பாரு!"

"மாமா, நீர் பேசாம சேவியும்!" என்றான் தண்டுக்கு அடியில் அவர் இடத்தில் நின்ற வரதராஜன்.

புரட்டாசியில் மூன்றாவது ஸ்கேன். முதல் நாள் லோகாம்பாள் மாமி தொன்னையை நேரே வரலக்ஷ்மி கையில் கொடுத்துவிட்டுப் போனாள். திட்டுகள் மறைந்திருந்தன, துடிப்பும் தப்பவில்லை. சின்னப் புறப்பாடாக ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர்.

தீபாவளிக்குச் சட்டை அளவெடுத்த டெய்லர் இடது தோளைத் தடவிப் பார்த்தார். "காய்ப்பு அமுங்கிப் போச்சேபா. இந்தப் பக்கம் பிடிச்சுடட்டுமா?"

"தொடாதேயும்! எப்பவும் போல ஒரு விரற்கடை கூடவே விடும்" என்றார் ஆராவமுதன்.