நாற்பத்தொன்றாம் சுறாவின் இடப்பக்கம்

க்ளெனிஸ் ஹாட்ச்சர் பகலில் ஆடு அறுக்கும் தொழிற்சாலையில் எலும்பு நீக்குவாள். எனக்கு அடுத்த மேசை. மாலையில் ரத்த வாடை போகக் குளித்துவிட்டு, படகுக்காரர்கள் இணையத்தில் போடும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். வெள்ளைச் சுறாவின் செவுளருகே சாம்பலும் வெள்ளையும் சந்திக்கும் கோடு இருக்கிறதே, அது ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒரே சுறாவுக்கும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் வேறு. அந்தக் கோட்டை வைத்து நூற்றுப்பன்னிரண்டு சுறாக்களுக்கு எண் கொடுத்திருந்தாள். அவளைக் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். பொறுமை இருந்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்டில் அவள் அக்கா நோரினின் கணவன் டார்சியைச் சுறா கடித்தது. சிப்பி எடுக்க மூழ்கியவன். பக்கத்துப் படகில் இருந்த யாரோ ஒருவன் படம் பிடித்துப் போட்டான்: பதினொரு விநாடி, நுரை, கால், செவுள். குடும்பம் கெஞ்சியதால் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டான். அதற்குள் நகல்கள் பரவிவிட்டன. க்ளெனிஸ் பார்த்தது ஒரு நகல்.

அன்றிரவே டார்சியின் மகன் ட்ரெவர் போன் செய்தான்.

"சித்தி, எதுன்னு சொல்லு."

"சொன்னா என்ன பண்ணப்போற?"

"மாலை போடப்போறேன். அப்பா கால் போச்சு சித்தி. சொல்லு."

வீடியோவில் தெரிந்த கோடு அவள் பட்டியலில் இருந்த ஒன்றின் இடப்பக்கத்தோடு பொருந்தியது; ஓரிடத்தில் மட்டும் இழைபோல விலகியது. தண்ணீர் அசைவு என்று விட்டுவிட்டாள்.

"நாப்பத்தொண்ணு. பெரிய பெட்டை. முதுகுத் துடுப்பு நுனியில ஒரு துண்டு இருக்காது. தீவுக்கு வடக்கால சுத்தும்."

மறுநாள் காலை அவளை மருத்துவமனைக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். டார்சி வெளுத்துக் கிடந்தான். அவள் போர்வையையே பார்த்தாள்.

"என்ன க்ளென், எண்ணிப் பாக்குறியா? மிச்சம் ஒண்ணுதான்."

"வலது காலுதானே போச்சு?"

"எது போச்சுன்னு எனக்குத் தெரியாதாடி? இடது."

அவள் முகம் செத்துப்போனது. வீடியோவில் சுறா கவ்வியது வலது காலை. திருட்டு வீடியோ போடுகிறவர்கள், இணையதளக் கம்பெனி கண்டுபிடித்து நீக்காமலிருக்கப் படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போடுவார்கள். இதைச் சொல்லி மற்றவர்களை எச்சரித்து வந்தவளே அவள்தான். நடைவழியில் நின்று போனில் படத்தைத் திருப்பினாள். இழைகூட விலகவில்லை. வேறொரு எண்ணின் வலப்பக்கம். நாற்பத்தொன்று இல்லை.

ட்ரெவர் போனை எடுக்கவில்லை. படகுத்துறைக்குக் காரை விரட்டினேன்.

ட்ரெவரும் அவன் நண்பர்களும் எங்கள் தொழிற்சாலை ஆட்டுக் குடலையே தூண்டிலில் மாட்டியிருந்தார்கள். சுறாவை இடுப்பளவுத் தண்ணீருக்கு இழுத்து வந்திருந்தார்கள். உயிர் இருந்தது. கொக்கி தாடையைக் கிழித்து வெளியே நீண்டிருந்தது. ட்ரெவர் இரும்புக் கம்பியால் கண்ணில் குத்தினான், பிடுங்கினான், மறுபடி குத்தினான். அவன் நண்பன் வெய்ன் மண்டையில் சுட்டான். வால் திரும்பி அடித்ததில் வெய்னின் விலா முறிந்த சத்தம் கரைவரை கேட்டது.

க்ளெனிஸ் உடுத்திய உடையோடு இறங்கினாள்.

"விடுடா! இது இல்ல!"

"நீதானே சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன். படம் திரும்பியிருந்துச்சு."

ட்ரெவர் வெய்னின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி, அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை சுட்டான். வால் நின்றது. அவளைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது.

"சரி. அப்போ எது?"

அவள் நுனி இல்லாத முதுகுத் துடுப்பைத் தடவினாள்.

"உனக்குத் தெரியும். மூஞ்சியிலேயே எழுதியிருக்கு."

"தெரியாது."

முஷ்டியால் குத்தினான். பல் ஒன்று உடைந்து உதட்டில் ஒட்டியது.

"உங்க அக்கா புருஷனை விட மீன் பெருசா? சொல்லு!"

"தெரியாதுடா."

தலைமுடியைப் பிடித்து அந்தச் சிவந்த தண்ணீரில் அமுக்கினான். தூக்கினான். இருமினாள், தலையசைத்தாள். மீண்டும் அமுக்கினான். நான் இறங்கியது அப்போதுதான். முதல் முறையே ஏன் இறங்கவில்லை என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு வேளை எனக்கும் அந்த எண் தெரிய வேண்டியிருந்ததோ என்னவோ.

நானும் துறையில் நின்றவர்களும் இழுத்துப் பிரித்தபோதும் அவள் அதையே சொன்னாள். தெரியாது.

நோரின் அதன்பின் அவளோடு பேசவில்லை. கடையில் எதிர்ப்பட்டால் வேறு வரிசைக்குப் போய்விடுகிறாள். க்ளெனிஸ் இப்போதும் எனக்கு அடுத்த மேசையில் எலும்பு நீக்குகிறாள். பட்டியலில் நாற்பத்தொன்றுக்கு எதிரே, கொன்றவர் என்று தன் பெயரை எழுதியிருக்கிறாள். டார்சியைக் கடித்த சுறாவின் எண்ணை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.